பிளாஸ்டிக்கில் உறைந்த மின்சாரம்

காந்தத்தைக் கையில் வைத்து விளையாடாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. ஓர் எஃகு ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்த்தால் ஊசியும் காந்தமாகிவிடுகிறது. தேய்த்த காந்தத்தை அப்பால் வைத்த பின்னும் ஊசி தான் பெற்ற தன்மையை விடுவதில்லை. மின்சாரத்தில் இப்படி ஒன்று உண்டா? தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பது உண்மைதான். ஆனால் சற்று நேரத்தில், அதிலும் மழைக்காலமாயிருந்தால் உடனேயே, அந்த மின்னேற்றம் கசிந்து போய்விடுகிறது. ஒரு முகத்தில் நேர்மின்னும் மறுமுகத்தில் எதிர்மின்னுமாக, காந்தத்தைப் போலப் பல்லாண்டுகள் தன் முனைவைக் காத்து நிற்கும் பொருள் ஒன்று இருக்க முடியுமா என்பதே கேள்வி.

1885-ஆம் ஆண்டிலேயே ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேய அறிஞர் அத்தகைய பொருளுக்கு ‘எலெக்ட்ரெட்’ என்று பெயர் சூட்டிவிட்டார். ‘மாக்னெட்’ என்ற சொல்லின் சாயலில் அமைந்த பெயர் அது. பிள்ளை பிறக்குமுன்னே பெயர் வைத்தாகிவிட்டது! பிள்ளை பிறந்தது 1919-ல், ஜப்பானில். மோட்டோட்டாரோ எகுச்சி என்பவர் கார்னோபா மெழுகைப் பிசினோடு சேர்த்து உருக்கினார். (கார்னோபா என்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு.) உருகிய குழம்பின் இருபுறமும் உயர்ந்த மின்னழுத்தத்தைக் கொடுத்து, அது ஆறி இறுகும் வரை மின்னழுத்தத்தை நிறுத்தாமலேயே வைத்திருந்தார். இறுகிய மெழுகுத் தகடு ஆண்டுக்கணக்கில் மின்முனைவை இழக்கவில்லை. உருக்கு, மின்புலத்தில் வை, புலம் இருக்கும்போதே ஆறவிடு: இந்தப் பக்குவத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மனிதன் செய்யாமல் இயற்கையே செய்து வைத்த மின்முனைவும் உண்டு. அது நமக்கு அண்டை நாடான இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன செய்தி. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் என்ற மணிக்கல்லைக் கொண்டு சென்றார்கள். கல்லின் பெயரே சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது. அந்தக் கல்லைச் சூடாக்கினால் சாம்பல் துகள்களை இழுப்பதைக் கண்ட டச்சுக்காரர்கள், புகைக்குழாயில் தங்கும் சாம்பலை எடுக்க அதைப் பயன்படுத்தினார்களாம். ‘சாம்பல் இழுப்பான்’ என்றே அதற்குப் பெயரிட்டார்கள். 1756-ல் எபினஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், சூடேறிய டூர்மலினின் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் தோன்றுவதைக் காட்டினார். 1824-ல் டேவிட் புரூஸ்டர் இதற்குப் ‘பைரோ மின்விளைவு’ என்று பெயர் தந்தார். ‘பைர்’ என்றால் கிரேக்க மொழியில் நெருப்பு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். டூர்மலின் சூடாக இருப்பதால் மின்சாரம் தோன்றுவதில்லை. அதன் வெப்பநிலை மாறுவதால்தான் தோன்றுகிறது. படிகத்தினுள் மின்முனைவு எப்போதுமே இருக்கிறது. காற்றிலுள்ள மின்துகள்கள் அதன் முகங்களில் வந்து ஒட்டிக்கொண்டு அதை மறைத்துவிடுகின்றன. வெப்பநிலை மாறியதும் உள்ளே முனைவின் அளவு மாறுகிறது, வெளியே ஒட்டிய மின்னேற்றம் அதற்குச் சரியாக ஈடாவதில்லை, மிச்சம் வெளிப்படுகிறது. ஆள் நடந்தால் தானே எரியும் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் உள்ள உணர்கருவி நம் உடலிலிருந்து வரும் வெப்பக் கதிர்களை இந்த முறையில்தான் அறிகிறது. அசையாமல் உட்கார்ந்து படித்தால் விளக்கு அணைந்துவிடுவதன் காரணமும் இதுதான்: வெப்பத்தில் மாற்றம் இல்லையேல் மின்சாரம் இல்லை.

எல்லாக் கற்களுக்கும் ஏன் இந்தக் குணம் இல்லை? பிரான்சு நாட்டில் படிக இயலுக்கு அடித்தளமிட்ட அருட்தந்தை ரெனே ஜூஸ்த் ஹாயுய், டூர்மலினின் இரு முனைகளும் ஒன்றுபோல் இல்லை, முகங்களின் அமைப்பில் வேறுபடுகின்றன என்று கண்டார். வெளியே தெரிந்த அந்த ஒவ்வாமைதான் உள்ளேயும் இருந்தது. நேர்மின் மையமும் எதிர்மின் மையமும் ஓரிடத்தில் பொருந்தாமல் சற்றே விலகி நிற்கும் ஒவ்வோர் அலகையும் ‘இருமுனை’ என்கிறோம். இருமுனைகள் எல்லாம் ஒரே பக்கம் நோக்கி அடுக்கப்பட்டிருந்தால் பொருள் முழுவதற்கும் முனைவு உண்டாகிறது. ஆளுக்கொரு திசை நோக்கினால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

1920-ல் அமெரிக்காவில் ஜோசப் வாலாசெக் என்பவர் ரோஷெல் உப்பை ஆராய்ந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார். அந்த உப்பில் வெளியிலிருந்து கொடுக்கும் மின்புலத்தைக் கொண்டு முனைவின் திசையையே தலைகீழாகத் திருப்ப முடிந்தது. புலத்தை எடுத்துவிட்டால் திரும்பிய நிலையிலேயே நின்றது. இரும்பின் காந்தத் தயக்கக் கண்ணியை மேனிலை வகுப்பு மாணவியர் வரைந்திருப்பீர்கள் அல்லவா? அதே வடிவம் இங்கும் கிடைத்தது. இத்தகைய தன்மையைப் ‘பெர்ரோ மின்தன்மை’ என்கிறோம். பெயரில் இரும்பு இருக்கிறதே தவிர, பொருளில் இரும்பு இருக்க வேண்டியதில்லை. ஒப்புமையால் வந்த பெயர்.

உடற்பயிற்சி வகுப்பை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வரிசை வரிசையாக நிற்கும் மாணவியர், ‘பின்புறம் திரும்பு’ என்ற கட்டளை கேட்டதும் ஒருசேரத் திரும்புகிறார்கள். அடுத்த கட்டளை வரும் வரை அப்படியே நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் தவறாகத் திரும்பினால் பக்கத்தில் நிற்பவளின் முகத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்வாள். பெர்ரோ மின்பொருளில் இருமுனைகள் நடந்துகொள்ளும் விதம் இதுவே. அண்டை அயலின் பிடி இல்லாவிட்டால் அந்த ஒழுங்கு நிலைக்காது.

இனிப் பிளாஸ்டிக்குக்கு வருவோம். பிளாஸ்டிக்குகள் பலபடிகள்; அதாவது ஒரே சிறு அலகு ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள். சில பலபடிகளில் சங்கிலிகள் ஆங்காங்கே மடிந்து அடுக்கி நின்று குட்டிப் படிகங்களாகின்றன. வேறு சிலவற்றில் அடுக்கே கிடையாது. இடியாப்பத் தட்டைப் போலச் சிக்கலாகக் கிடக்கும். இவற்றைப் ‘படிக உருவற்ற’ பலபடிகள் என்கிறோம்.

முதல் வகையில் பெயர் பெற்றது பாலிவினைலிடீன் புளூரைடு. (இந்தப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், தேர்வில் வராது.) இச்சங்கிலியில் ஒரு கரியணுவில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்த கரியணுவில் இரண்டு புளூரின் என்று மாறி மாறி வரும். புளூரின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் பேராசைக்காரன். ஆகவே ஒவ்வோர் அலகும் ஓர் இருமுனை. 1969-ல் ஜப்பானில் ஹெய்ஜி கவாய் இந்தப் படலத்தை இழுத்து நீட்டி, மின்புலத்தில் வைத்துப் பக்குவப்படுத்தியபோது, அதை அழுத்தினாலும் இழுத்தாலும் குறிப்பிடத்தக்க மின்சாரம் தருவதைக் கண்டார். 1971-ல் பைரோ மின்விளைவும் தெரியவந்தது. நீட்டும்போது புளூரின் அணுக்கள் எல்லாம் சங்கிலியின் ஒரே பக்கத்தில் அமையும் படிக வடிவம் கிடைக்கிறது என்பதே இதன் இரகசியம். அந்தப் படிகங்களில் முனைவைத் தலைகீழாகத் திருப்பவும் முடிகிறது. ஆனால் அதற்கு மிக வலிய புலம் தேவை. மீட்டருக்குச் சுமார் 5 கோடி வோல்ட்! மலைக்க வேண்டாம். படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் என்றால் 500 வோல்ட் போதும்.

கவாய் கையாண்ட படலத்தில் படிகம் ஏறத்தாழப் பாதிதான். மிச்சப் பாதி படிக உருவற்றது. அந்தப் பாதி நம் அறை வெப்பநிலையில் ரப்பரைப் போல நெகிழ்ந்தே இருப்பதால் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. அப்படியானால் முழுவதும் படிக உருவற்ற பிளாஸ்டிக் ஒன்று மின்முனைவைக் காக்கவே முடியாதா? ஒழுங்கே இல்லாத இடத்தில் ஒழுங்கை எங்கே கட்டி வைப்பது?

எகுச்சியின் பக்குவம் இங்கேதான் கைகொடுக்கிறது. வீட்டில் தண்ணீர்க்குழாய் பொருத்த வருபவர் பி.வி.சி. பைப்பின் நுனியைத் தீயில் வாட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? விறைப்பாக இருந்த பைப், சூடேறியதும் தோல்போல வளையும். நுனியை விரித்து இன்னொரு பைப்பின் மேல் மாட்டி ஆறவிட்டால் அந்த வடிவிலேயே இறுகிவிடும். பி.வி.சி.யில் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியசுக்கு மேல் சங்கிலிகளின் பகுதிகள் அசையத் தொடங்குகின்றன; அதற்குக் கீழே அவை கண்ணாடியைப் போல இறுகி நிற்கின்றன. அந்த எல்லைக்குக் ‘கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை’ என்று பெயர். பி.வி.சி.யில் குளோரின் அணு இருப்பதால் அதிலும் இருமுனைகள் உண்டு. மெல்லிய படலத்தை இந்த எல்லைக்கு மேல் சூடாக்கி மின்புலத்தில் வைத்தால் இருமுனைகள் புலத்தின் பக்கம் சற்றே சாய்கின்றன. புலத்தை எடுக்காமலே குளிரவைத்தால் சாய்ந்தது சாய்ந்தபடியே உறைந்துவிடுகிறது.

சிறு வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் ஆடும் ‘ஸ்டாச்சூ’ விளையாட்டை எண்ணிப்பாருங்கள். ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மேடையிலிருந்து ஆசிரியை கூப்பிடுகிறார். சிலர் தலையைத் திருப்புகிறார்கள். அந்தக் கணத்தில் ‘ஸ்டாச்சூ!’ என்று குரல் கேட்டால் எல்லாரும் அப்படியே உறைந்து நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு திசையில்தான் நிற்பாள். ஆனால் மொத்தமாக எண்ணிப்பார்த்தால் மேடையை நோக்கி நிற்பவர்கள் சற்று அதிகம். அந்தச் ‘சற்று அதிக’மே படிக உருவற்ற பலபடியின் மின்முனைவு. வெப்பத்தின் குலுக்கலை எதிர்த்துப் புலம் வெல்வது நூற்றில் ஒன்றிரண்டு என்ற அளவில்தான்.

இப்படி உறைந்த படலத்தின் இரு முகங்களிலும் உலோகம் பூசிக் கம்பி இணைத்துச் சிறிது சூடாக்கினால் மின்னோட்டம் பாய்கிறது. இருமுனைகள் அசையவில்லை, அவை உறைந்தே இருக்கின்றன. பிறகு எப்படி? சூட்டில் படலம் விரிந்து கனக்கிறது; அதே எண்ணிக்கையுள்ள இருமுனைகள் கூடுதலான இடத்தில் பரந்து நிற்கின்றன; முனைவின் செறிவு குறைகிறது; அதற்கு ஈடாக உலோகப் பூச்சில் தங்கியிருந்த மின்னேற்றத்தில் ஒரு பகுதி விடுபட்டுக் கம்பி வழியே ஓடுகிறது. குளிரவைத்தால் படலம் சுருங்குகிறது. மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்கிறது. சூடு, குளிர், சூடு, குளிர் என்று எத்தனை முறை செய்தாலும் இப்படி முன்னும் பின்னும் ஓடினால்தான் அது மெய்யான பைரோ மின்விளைவு. உள்ளே எங்கோ சிக்கிக்கிடந்த மின்னேற்றம் சூட்டில் கசிந்தாலும் ஒரு மின்னோட்டம் வரும். ஆனால் அது ஒரு முறை மட்டும் ஓடி ஓய்ந்துவிடும்; குளிரவைத்தால் திரும்பி வராது.

பி.வி.சி. தரும் பலன் கவாயின் படலத்தைவிடப் பல மடங்கு குறைவு. 1980-ல் ஜப்பானில் மியாதா என்பவரும் அவருடைய துணைவர்களும், வினைலிடீன் சயனைடும் வினைல் அசிட்டேட்டும் மாறி மாறி வரும் பலபடி ஒன்றில், படிக அடுக்கு இல்லாமலே நல்ல பலன் கிடைப்பதை அறிவித்தார்கள். அதில் உள்ள சயனைடு தொகுதி வலிய இருமுனை. அதன் கண்ணாடி நிலை மாற்றமோ 170 டிகிரிக்கு அருகில். ஆகவே கொதிக்கும் நீரிலும் அது உறைந்தே நிற்கும். பின்னர் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் சயனைடு தொகுதி பொருத்திய பாலிஇமைடுகளைச் செய்து, இந்த எல்லையை 200 டிகிரிக்கு மேல் கொண்டு சென்றார்கள்.

இப்போது ஒரு வழக்கு எழுகிறது. இத்தகைய பலபடிகளைப் பெர்ரோ மின்பொருள் என்று அழைக்கலாமா? மியாதாவின் பலபடியில், இறுக்கம் தளரும் வெப்பநிலைக்கு அருகில் புலத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தபோது தயக்கக் கண்ணி போன்ற வளைவு கிடைத்ததால் 1980-களில் சிலர் அப்படியே எழுதினார்கள். அக்கம்பக்கத்து இருமுனைகள் கூட்டாகத் திரும்புகின்றன என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் என் கருத்தில் பெயரைக் கொடுக்கச் சற்றுத் தயங்குவதே முறை. பெர்ரோ மின்பொருளுக்குத் தானாகவே முனைவு உண்டு. புலம் அதன் திசையை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் எவ்வளவு புலம் தந்தாலும் முனைவு அவ்வளவாகக் கூடாது. உறைந்த பலபடியிலோ பாதிப் புலம் தந்தால் பாதி முனைவு, இரு மடங்கு தந்தால் இரு மடங்கு. எல்லை வெப்பநிலைக்கு மேல் கொண்டுபோய்ப் புலமில்லாமல் ஆறவிட்டால் எல்லாம் மறந்துபோகும். பின்புறம் திரும்பிய அணிவகுப்புக்கும் ஸ்டாச்சூ ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

கண்ணியைக் கண்டதும் ஏமாறக் கூடாது என்பதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்காட், பெர்ரோ மின்தன்மையில் உலகப் புகழ் பெற்றவர். 2008-ல் அவர் ஒரு வாழைப்பழத் தோலில் மின்முனைகளைப் பொருத்தி அளவெடுத்தார். ஆராய்ச்சி இதழ்களில் பெர்ரோ மின்தன்மைக்குச் சான்றாகப் பலர் அச்சிடும் அதே மாதிரியான மூடிய கண்ணி, வாழைப்பழத் தோலிலும் வந்தது! அதைப் படத்தோடு வெளியிட்டு, இப்படிப்பட்ட கண்ணியை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள் என்று உலக விஞ்ஞானிகளுக்கு எடுத்துக்காட்டினார். ஈரமுள்ள வாழைத்தோல் சிறிதளவு மின்சாரத்தைக் கடத்துகிறது. மாறுமின்னழுத்தம் தரும்போது கசிந்து ஓடும் அந்த மின்னோட்டத்தையும் அளவுகருவி முனைவு என்றே கணக்கிட்டுக் கண்ணி வரைந்துவிடுகிறது. கண்ணீரைக் கண்டதும் துக்கம் என்று சொல்லிவிட முடியுமா? வெங்காயம் நறுக்கினாலும் கண்ணீர் வரும். மெய்யான கண்ணியானால் அதன் இரு நுனிகளும் ஓர் அளவுக்குப் பின் தட்டையாகிப் படுக்க வேண்டும். வாழைத்தோலின் கண்ணி உருண்டையாகவே நின்றது.

பயன் என்ன என்று பெற்றோர் கேட்கக்கூடும். 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் எலெக்ட்ரெட் படலத்தால் ஒலிவாங்கி செய்தார்கள். தொலைபேசி, ஒலிப்பதிவுக் கருவி, காதுகேளாதோர் கருவி எனப் பலவற்றில் அது பல பத்தாண்டுகள் இடம்பெற்றது. கொரோனாத் தொற்று பரவிய 2020-ல் நாம் அணிந்த என்-95 முகக்கவசத்தின் நடு அடுக்கும் ஒருவகை எலெக்ட்ரெட்தான். அதன் மெல்லிய பாலிபுரோப்பிலீன் இழைகளில் மின்னேற்றம் செலுத்தப்பட்டிருக்கும். துளை வழியே நழுவக்கூடிய நுண்துகளையும் அது இழுத்துப் பிடிக்கும். சாராயக் கரைசலில் நனைத்தால் மின்னேற்றம் போய்விடும். கவசம் பார்வைக்கு அப்படியே இருக்கும், வேலை மட்டும் குறையும். ஆனால் ஒன்று: ஒலிவாங்கியின் டெஃப்லான் படலத்திலும் முகக்கவசத்திலும் இருப்பது உறைந்த இருமுனை அன்று, சிக்கிய மின்னேற்றம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உறைதலும் விடுபடுதலும் என்றால் என்ன என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவர் ஒருவர் துணையிருக்க வேண்டும். கடையில் விற்கும் மெல்லிய தண்ணீர் பாட்டில்கள் ஒரே அளவில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அகன்ற பாத்திரத்தில் அவற்றை நிறுத்தி, ஒன்றில் வெதுவெதுப்பான நீரையும் மற்றொன்றில் கொதித்து இறக்கிய நீரையும் புனல் வைத்து ஊற்றுங்கள். முதலாவது அப்படியே இருக்கும். இரண்டாவது கண்ணெதிரே சுருங்கிக் கோணலாகும். அந்தப் பிளாஸ்டிக்கின் எல்லை வெப்பநிலை 70 டிகிரியை ஒட்டியது. ஆலையில் சூட்டில் ஊதி நீட்டி, நீட்டிய நிலையிலேயே குளிரவைத்த சங்கிலிகள், எல்லையைத் தாண்டியதும் பழைய சுருளுக்குத் திரும்புகின்றன. இப்போது மூடி திருகும் கழுத்துப் பகுதியைத் தனியே பாருங்கள். அது அவ்வளவாகச் சுருங்கியிருக்காது. கழுத்தை ஆலையில் ஊதி நீட்டுவதில்லை. உறைந்து கிடந்தது எதுவும் அங்கே இல்லை. மின்புலம் காட்டாமல் ஆறவிட்ட பி.வி.சி. படலம் சூடேறும்போது மின்னோட்டம் தராமலிருப்பதும் இதே காரணத்தால்தான்.